பீடம் தெரிகிற ஜன்னல்

கிளெமென்ட் பாஸ்க்கை அடக்கம் செய்த அன்று, அவர் மனைவி ஹில்டா சர்ச் ஹாலில் எண்பது டீக் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "அழுதுடு ஹில்டா, பாரம் குறையும்" என்று ஊரே புத்தி சொன்னது. அழக்கூடாதென்று அவள் என்ன விரதமா இருந்தாள்? உள்ளே மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதமாக அதே கதிதான். காலையில் அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பழைய தேவாலயத்தைத் திறப்பாள், வௌவால் எச்சத்தைப் பெருக்குவாள், அதைப் பற்றி கிளெமென்ட் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தை மேசையில் அடுக்குவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். எந்தச் சுவர் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய நார்மன் காலத்தது, எந்த வளைவு கொள்ளைநோய்க்குப் பிறகு வைத்தது, கல்லறைமேல் சிலையாகப் படுத்துக்கிடக்கும் பிரபுவின் மூக்கை உடைத்தது யார் என்று கல் கல்லாகத் துருவி எழுதியிருந்தார்.

பிப்ரவரியில் அதை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. சரிபார்க்க பிலிப்பா என்ற கட்டட நிபுணர் வந்தார். கூடவே தேவாலயப் பொறுப்பாளர் டெரெக். பீடத்துக்குத் தெற்கே தாழ்வாக இருந்த சின்ன ஜன்னலருகே பிலிப்பா நின்றுவிட்டார். 'தொழுநோயாளிகள் வெளியிலிருந்து பூசை கண்ட ஜன்னல். நின்று பார்த்தால் பீடம் தெளிவாகத் தெரியும்' என்பது புத்தகத்தின் வாசகம். பிலிப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு, ஈரச் செருப்போடு திரும்பி வந்தார்.

"எதிர்ச் சுவர்தான் தெரியுது, பீடம் தெரியல. பூசை நேரத்துல வயல்ல இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்னு இங்கேருந்து கைமணி அடிச்சிருப்பாங்க. அவர் பாக்காமலே எழுதிட்டார் போல. இதுவே இப்படின்னா மத்த பக்கத்தை எப்படி நம்புறது? மொத்தமா வேற ஆளை வெச்சு எழுதிடலாம்."

"என் கடுதாசியைப் பன்னிப் பண்ணையில போட்ட ஆளாச்சே!" என்று டெரெக் சிரித்தார்.

ஹில்டாவுக்கு விஷயம் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன், ஆலங்கட்டி மழையில், வெளியே நின்றவள் அவள்தான். உள்ளே பீடத்தருகே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிளெமென்ட் கத்தினார்: "ஹில்டா, நான் தெரியுறேனா?" சுவர்தான் தெரிந்தது. கால் விறைத்துவிட்டது. "தெரியுது, தெரியுது, வா போலாம்!" என்றாள்.

இப்போது வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் டெரெக் அதை மதுக்கடை முழுக்கப் பரப்பிவிடுவார். திறக்காவிட்டால் கிளெமென்ட்டின் இருபது வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

"அவர் பாக்காம எழுதல. நின்னு பாத்தது நான். தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் ஹில்டா.

"எதுக்கு?" என்றார் பிலிப்பா.

"குளிர். வீட்டுக்குப் போய் டீ குடிக்கணும்னு இருந்துச்சு. மத்த கல்லெல்லாம் அவரே தொட்டுப் பாத்தது. இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்க."

பிலிப்பா பேனாவை எடுத்தார். பிறகு, எதற்கோ கேட்டார்: "இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவர் வெளியே வந்து பாக்கலையா?"

"இல்ல" என்றாள் ஹில்டா. "நான் சொல்லிட்டேன்ல."

சொல்லி முடித்ததும், தன் ஒரு சொல்லை அவர் அப்படியே நம்பியிருந்தது உறைக்க, மூன்று மாதமாக வராத அழுகை பீறிட்டு வந்தது. டெரெக் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.