மூன்று துப்பாக்கியும் ஒரு சந்தனப் பொட்டும்

துப்பாக்கி வைத்திருப்பவன் சுடுகிற நேரம் சொற்பம். அதைப் பற்றி விளக்கம் சொல்கிற நேரம்தான் அதிகம். லைசன்ஸ் எடுத்து, பீரோவில் பூட்டி, வருடம் முழுக்க எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளுக்கு இது தெரியும். நம்மைப் பார்ப்பவர்கள் ஒன்று ஜமீன்தார் என்பார்கள், இல்லையென்றால் கொள்ளைக்கூட்டம் என்பார்கள். நான் இரண்டும் இல்லை. கல்பாக்கத்தில் அலுவலகம், திருக்கழுக்குன்றத்தில் வீடு, அளவான தொப்பை, மூன்று துப்பாக்கி.

அந்த மூன்றுதான் பிரச்சினை. ஒன்று பன்னிரண்டு போர் அளவுள்ள இரட்டைக்குழல். இன்னொன்று பாயின்ட் டூ டூ ரைஃபிள். போட்டிகளில் காகித இலக்கைச் சுடுவதற்கானது. மூன்றாவது, குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ஒற்றைக்குழல். சில வருடங்களுக்கு முன் சட்டம் மாறியது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். மூன்றாவதை ஒப்படைத்துவிட வேண்டும். போட்டிகளில் சுடுபவர் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அதற்கு மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுக்க வேண்டும். ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று ஸ்டேஷனில் ஏட்டையாவைக் கேட்டேன். என்றைக்காவது லாரியில் ஏற்றி உருக்க அனுப்புவார்கள் என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்: பழையதைக் கொடுப்பதில்லை. எனக்கிருந்த அவகாசத்துக்குள் ஒரே ஒரு மாநிலப் போட்டிதான் வந்தது. சரி, ஒன்று போதும்.

கழுகுகள் வராத காரணம்

எங்கள் ஊர் மலைக்கு உச்சிவேளையில் வந்து பிரசாதம் தின்றுவிட்டுப் போன கழுகுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். அவை வருவது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. பக்கத்து வீட்டு செல்வராஜ் மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஊரில் சிலர் என் பெயரைச் சொல்வதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் எதையும் முழுதாக விளக்காமல் விடுகிறவன் இல்லை.

முதலில், அவை கழுகே அல்ல, மஞ்சள்முகப் பாறு என்றேன். அப்புறம் மாட்டுக்குப் போடும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகள், நாடு முழுக்க அந்த இனமே அருகிப்போனது என்று வரிசையாகச் சொன்னேன். செல்வராஜ் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். முடிவில் தலையை ஆட்டினார். “அல்லாம் கரெக்ட்டு சார். ஆனா நீங்க எந்த வருசம் துப்பாக்கி வாங்குனீங்க, அத்த மட்டும் சொல்லிடுங்க.”

புகை

பழைய துப்பாக்கி அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு வேர்க்கடலை விவசாயியிடமிருந்து வந்தது. காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தார். அவர் பிள்ளைகளுக்கு அது வேண்டாத சுமை. கட்டை எப்போதோ பிளந்து, பித்தளைத் தகடு சுற்றி ஆணி அடித்திருந்தது. விசைக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கொடி வேலைப்பாடு. செய்தவன் யாரென்று தெரியவில்லை, ஆனால் பன்றிக்குக் காட்டுவதற்காக அதைச் செதுக்கியிருக்க மாட்டான். நான் அதில் விழுந்தது அந்தக் கொடிக்காகத்தான்.

செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஏரிக்கரைக்குப் பின்னால் எங்கள் கிளப். அங்கே எனக்குப் பயிற்சி தர ஒப்புக்கொண்டவள் நிவேதா. ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை, மாநிலப் பதக்கம், என் மகள் வயது. பழையதை முதன்முதலாகச் சுட்டபோது அவள் எனக்குப் பக்கத்து மேடையில் இருந்தாள். மருந்து அளந்து, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, பொறி தரும் சின்னத் தொப்பியைத் துப்பாக்கியில் மாட்டி, இதெல்லாம் எந்தக் காலத்துப் படைகளில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு சிற்றுரையும் ஆற்றிவிட்டு விசையை அழுத்தினேன். தீபாவளி முழுவதும் ஒரே வெடியில் முடிந்த மாதிரி இருந்தது. கந்தக வாடையோடு வெள்ளைப் புகை எழுந்து மேடை, கூரை, என் கை எல்லாவற்றையும் மறைத்தது. உள்ளிருந்து நிவேதாவின் குரல் மட்டும் வந்தது. “அங்கிள், டார்கெட்டை அப்புறம் தேடலாம். முதல்ல நீங்க எங்க இருக்கீங்க?”

ஃப்ரிட்ஜ் வேட்டை

போட்டியில் சுட வேண்டியது ரைஃபிளை. தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தூரத்தில் மிளகளவு தெரியும் கறுப்பு வட்டத்தைக் குறி பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமலே வீட்டில் பழகலாம். தோட்டாவைத் தட்டும் ஊசி மழுங்காமல் இருக்கச் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கூடத்தில் போதுமான நீளம் ஒரே திசையில்தான் கிடைத்தது. அதன் முடிவில் ஃப்ரிட்ஜ். கதவில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டினேன். தினமும் காலை, அலுவலகம் போவதற்கு முன், படுத்து ‘டிக்’, ‘டிக்’ என்று தட்டுவேன்.

மனைவி கோமதி முதல் வாரம் என்னைத் தாண்டிப் போனாள். இரண்டாவது வாரம் என்னைச் சுற்றிப் பெருக்கினாள். மூன்றாவது வாரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து மாவு எடுக்க அவள் குனிந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “நகரு, நகரு” என்றேன். காலியான துப்பாக்கியானாலும் ஆள் நிற்கும் பக்கம் நீட்டக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. அதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் மாவுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். “விதியெல்லாம் இருக்கட்டும். ஃப்ரிட்ஜைச் சுட்டது போதும், காலை எடுங்க, மாப் போடணும்.”

மூச்சு

நிவேதா என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது தெம்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். வடையை விடச் சொன்னாள், விட்டேன். காலைக் காப்பி நாடித் துடிப்பை ஏற்றும் என்றாள், அதையும் விட்டேன். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன் இதைவிடப் பெரிய தியாகம் செய்ய முடியாது. மூச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நான்கு புத்தகம் படித்து, நான்கும் எங்கெங்கே முரண்படுகின்றன என்றுகூட அவளிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் குறி பார்ப்பதையே கவனித்தாள். வட்டம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது, கண் முன் மின்மினி பறந்தது. அவள் என் தோளைத் தட்டினாள். “அங்கிள், மூச்சை அடக்குறீங்க, ரொம்ப சந்தோஷம். திரும்ப விடணும்.”

குடை

மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, தகுதிக் கோட்டை எட்டிப் பார்க்கிற நேரத்தில் உள்ளாட்சித் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். சக பாவிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தேர்தல் என்றால் லைசன்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டும். மூன்றையும் உறையில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். ரைஃபிளைக் கொடுக்கும்போது ஏட்டையாவிடம், போட்டி வருகிறது, இதை மட்டும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனியாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கையில் ரைஃபிள் இல்லையென்றாலும் உடம்பு படுக்கப் பழக வேண்டும். கூடம் தடைசெய்யப்பட்ட பகுதியாகிவிட்டதால் விடியற்காலையில் மாமல்லபுரத்துக்குப் பைக்கில் போய், கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே ஆளில்லாத மணலில் குப்புறப் படுத்தேன். முழங்கைக்கு மணல் நன்றாகவே இருந்தது. ரைஃபிளுக்குப் பதில் என் நீளக் குடை. தொலைவில் நங்கூரம் போட்டிருந்த ஒரு படகின் முனையைக் குறி பார்த்து, மூச்சை விட்டு, நிறுத்தி, குடையின் பொத்தானை மெல்ல அழுத்தாமல் அழுத்தினேன். இரண்டு மூன்று தடவை அது விரிந்துகொண்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் நாலைந்து நாள் என்னைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் குந்தி, நான் பார்க்கும் திசையிலேயே கடலைப் பார்த்தார். பீடியை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். “அண்ணாத்த, அந்தாண்டேந்து எவனாச்சும் வரானா, இல்ல நீ சும்மாதான் பட்த்துகினு கீறியா?”

ஏட்டையாவின் பூஜை

வாக்கு எண்ணி முடித்தும் துப்பாக்கிகள் வரவில்லை; மேலிடத்து உத்தரவு வர வேண்டும் என்றார்கள். போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று, ஜீப்புக்கு மாலை, சக்கரத்தில் எலுமிச்சம்பழம். அன்று ஆயுத பூஜை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளே பெஞ்சின் மேல் வட்டாரத்துத் துப்பாக்கிகள் அத்தனையும் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி. என் பழையதுக்கு அந்தக் கொடி வேலைப்பாட்டின் மேலேயே பொட்டு, அழகாகத்தான் இருந்தது. ரைஃபிளுக்கு மட்டும் சந்தனம் தாராளம். கட்டையில் ஒன்று, குழல் வாயில் ஒன்று, குழல் நுனியில் குறி பார்க்கும் வளையம் இருக்கும் கூட்டுக்குள் ஒன்று. என் கண் குழல் வாயிலேயே நின்றது. மல்லிகையும் விபூதியுமாக ஏட்டையா வந்தார். என் முகத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டார். “ஜீப்புக்கு ஒரு பொட்டு, லத்திக்கு ஒரு பொட்டு. உங்க ரைஃபிளுக்கு மட்டும் மூணு வெச்சேன் சார். போட்டி கீதுன்னு சொன்னீங்கல்ல.”

இடது பக்கம்

போட்டிக்கு முந்தின நாள்தான் ரைஃபிள் கைக்கு வந்தது. பழையது மட்டும் விலக்கு வரும்வரை ஸ்டேஷனிலேயே இருந்தது. குழலை நான்கு தடவை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தேன். குழலைப் பற்றி அவ்வளவு படித்தவன், நுனியில் இருந்த கூட்டுக்குள்ளும் ஒரு பொட்டு வைத்திருந்ததை மறந்தே போனேன்.

போட்டியில் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளுக்குக் கொஞ்ச நேரம் தருவார்கள். சுட்டேன். எல்லாம் இடது பக்கம் போயின. மறுபடி சுட்டேன், மறுபடி இடது. அப்போதுதான் வளையத்தின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. வளையத்தின் மிச்ச இடத்துக்கு நடுவில் என் கண் இலக்கைக் கொண்டுபோய் வைக்க, குழல் இடது பக்கம் திரும்பியிருந்தது. கூட்டுக்குள் விரல் போகாது. கழற்றித் துடைத்து மாட்ட நேரமும் இல்லை. போட்டியில் பயிற்சியாளர் பேசக் கூடாது. நிவேதா பின்னால் நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இடது பக்கம் போன குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒட்டி ஒட்டி விழுந்திருந்தன. அவ்வளவு நெருக்கமாக நான் அதுவரை சுட்டதே இல்லை. குடையும் மணலும் வேலை செய்திருந்தன. சந்தனத்தைத் தொட வேண்டாம், மற்றதைத் திருப்புவோம் என்று முடிவு செய்தேன். கண்ணருகே இருக்கும், குறியை நகர்த்தும் திருகை வலது பக்கம் திருப்பினேன். அடுத்த குண்டு நடுவில் போனது. போட்டி தொடங்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் அந்தச் சந்தனம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். உதிர்ந்தால் திருப்பிய திருகோடு நான் வலது பக்கம் போவேன், பழைய துப்பாக்கி லாரியில் போகும். அது உதிரவில்லை. தகுதிக் கோட்டை ஒரே ஒரு புள்ளியில் தாண்டியிருந்தேன். நிவேதா ரைஃபிளை வாங்கி வளையத்துக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வளையத்துக்குள் பார்த்தாள். “அங்கிள், இதை யாராவது துடைச்சீங்கன்னா நான் கோச்சிங்கையே விட்டுடுவேன்.”

சான்றிதழ்

விலக்குக்கு எழுதிப் போட்டு, கிடைத்து, பழையதை வீட்டுக்குக் கொண்டுவர ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா அதைத் தானே உள்ளிருந்து தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கொடியின் மேல் இருந்த பொட்டு அப்படியே இருந்தது. போட்டியில் நடந்ததைச் சொன்னேன். இடது, வலது, வளையம், திருகு எல்லாவற்றையும் தாளில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் சான்றிதழை வாங்கி, முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “உங்க பேரு மட்டும்தான் சார் போட்டுகீறாங்க.”

சட்டப்படி மூன்று துப்பாக்கிக்கும் சொந்தக்காரன் நான்தான். அவற்றில் ஒன்று எந்தப் பக்கம் சுட வேண்டும் என்பதை மட்டும் இன்றுவரை ஒரு சந்தனப் பொட்டு முடிவு செய்துகொண்டிருக்கிறது.