கொக்குக்கு நோட்டிஸ் அடிக்காத ஜெசிந்தா அக்கா

வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கைதட்டினேன்.

எங்களுடைய ‘செவ்வாய்க் கூட்டம்’ கைபேசிக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அதைப் பார்த்தீர்கள். மற்றவர்களுக்காக விளக்குகிறேன். நல்லூரில் பௌதிகவியல் ரியூசன் கொடுக்கும் குகன் மாஸ்டர், காலையில் எழுந்ததும் செவ்வாய்க் கிரகத்துக் கற்களைப் பற்றி அந்தக் குழுவில் நீளமாக எழுதுவார். வாசித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆகவே வாசிக்காமலே, இரண்டு கைகள் தட்டும் படத்தை அனுப்பிவிடுவது என் வழக்கம். அன்றைக்கும் அனுப்பினேன். உடனே மாஸ்டர் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, என்னத்துக்குக் கைதட்டுறியள்?”

“நல்லா எழுதியிருக்கிறீர், அதுதான்.”

“விடியக்காலமை ஜெசிந்தா அக்கா செத்துப்போனா எண்டெல்லோ எழுதினனான்!”

அந்தக் கைகளை அழிக்கப் போய், பதற்றத்தில் இன்னொரு தடவை தட்டிவிட்டேன். அக்கா இருந்திருந்தால், “நான் செத்ததுக்கு ரெண்டு தரம் கைதட்டின ஒரே ஆள் நீர்தான்” என்று சொல்லிச் சிரித்திருப்பார். பிறகு அதைக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லியிருப்பார்.

அந்தக் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். குருநகரில், கோவிலுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் இருந்த கொமினிகேசன் கடை. சமாதான காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கவென்று தாய்மார் அங்கே வரிசையில் நிற்பார்கள். அன்றைய தொடர்பில் சத்தம் போய்ச்சேரக் கொஞ்சம் சுணங்கும். பொறுக்காமல் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கதைத்து, பிறகு இரண்டு பக்கமும் “கேக்கேல்லை, கேக்கேல்லை” என்று கத்துவார்கள். அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டிச் சொல்லுவார்: “சொல்லிப்போட்டுப் பொறுங்கோ அம்மா. உங்கடை சத்தம் இப்பதான் கடல் தாண்டுது. பிள்ளை ஓடிப்போகான்.”

கடையின் மூலையில் ஒரு கணினியும் இருந்தது. செவ்வாயில் இறங்கி ஓடத் தொடங்கியிருந்த ஆறு சில்லு வண்டி ஒன்றின் படங்களைப் பார்க்கக் குகன் மாஸ்டர் அங்கே வருவார். நானும் வருவேன். மாஸ்டர் விஞ்ஞானத்துக்கு வந்தார். நான் வீட்டில் மனைவி தேங்காய் துருவச் சொல்லும் நேரம் பார்த்து வந்தேன். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். ஒரு நாள் அக்கா எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உது எந்த இடம்?”

“செவ்வாய், அக்கா.”

“செவ்வாயிலையிருந்து படம் வருது. எனக்கு வவுனியாவுக்கு லைன் கிடைக்குதில்லை!”

அன்றிலிருந்து அவரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர். வரிசையில் நின்ற தாய்மாரும் அரைவாசி அங்கத்தவர்கள். அவர்களில் ஒருவர் குகன் மாஸ்டரை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, “தம்பி, என்ரை மகளுக்குச் செவ்வாய் குற்றம். உந்த வண்டி அதிலை ஏறி ஓடினால் குற்றம் கொஞ்சம் குறையுமோ?” என்று கேட்டார். அக்காதான் பதில் சொன்னார்: “குறையும் அம்மா. ஆனால் மாப்பிள்ளையையும் அங்கைதான் பாக்கோணும்.”

வண்டிக்குப் பெயர் வைத்ததும் அவரே. நீண்ட கழுத்தும் அதன் நுனியில் இரண்டு கண்களுமாக அது நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “பண்ணைக் கடலுக்கை நிக்கிற கொக்கு மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். அதன்பின் எங்களுக்கு அது கொக்கு. மூன்று மாதம் ஓடினால் போதும் என்று அனுப்பிய கொக்கு, வருடக் கணக்கில் ஓடியது. இங்கே பாதை பூட்டியது, ஊரடங்கு வந்தது, தொலைபேசி செத்தது, உயிர்த்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து பார்த்தபோது கொக்கு எங்கேயோ ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அன்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்ரன் அக்காவின் தம்பி. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒரு விடியலில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பலரும் சொன்னார்கள். அக்கா எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில், தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். அவ்வளவுதான்.

அந்தக் கடையில் கண்ணீர் அஞ்சலி நோட்டிசும் அடிப்பார்கள். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் வந்தாலும் முதலில் கேட்பது, “உடம்பு வந்ததோ? கண்ணாலை பாத்தியளோ?” என்பதுதான். பார்க்கவில்லை என்றால் அடிக்கமாட்டார். “சத்தம் வராட்டிச் சத்தம் வரேல்லை எண்டுதான் எழுதலாம். வேறை எழுதக் கூடாது” என்பார். எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். சிலர் கோபிக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

பிறகு செவ்வாயில் தூசிப் புயல் வந்தது. கொக்கின் சூரியத் தகடுகளைத் தூசி மூடியது. சத்தம் நின்றது. அனுப்பியவர்கள் மாதக் கணக்கில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று அறிவித்தார்கள். அந்த மாதங்களில் அந்தோனியாருக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்ததை நான் கண்டேன். “ரெண்டாவது ஆருக்கு அக்கா?” என்றேன். “கொக்குக்கு” என்றார், நான் கேட்டதுதான் விசர்க் கேள்வி என்பது போல.

எனக்கு வேறு யோசனை வந்தது. யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் ரசிகர்கள் இருந்த ஒருவருக்கு ஒரு நோட்டிஸ் கூட இல்லையா? வாசகத்தை நானே எழுதினேன். “அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் செவ்வாயை வதிவிடமாகவும் கொண்ட கொக்கு அவர்கள் காலமானார். அன்னார், மணலில் புதைந்து காலஞ்சென்ற மூத்தவரின் பாசமிகு சகோதரரும், மேடுகள் பலவற்றின் மதிப்புக்குரிய விருந்தாளியும் ஆவார்.” மூத்தவர் என்பது கொக்குக்குச் சற்று முன்னால் இறங்கி, முன்னமே அடங்கிப்போன இரட்டை வண்டி. அக்கா வாசித்தார். சிரிக்கவில்லை.

“உடம்பு வந்ததோ?”

“அக்கா, அது ஒரு வண்டி.”

“நான் அடிக்கேல்லை. கொக்கு அசையாமல் நிண்டால் செத்துப்போச்செண்டோ? அதுசரி, மூத்ததுக்குக் காலஞ்சென்ற போட ஆர் உமக்குச் சொன்னது?”

நானும் குகன் மாஸ்டரும் வேறிடத்தில் அடித்தோம். குருநகரிலோ நல்லூரிலோ ஒட்டினால் அக்காவின் கண்ணில் படும் என்று பயந்து, மருதனார்மடச் சந்தியில், சந்தைக்குப் பக்கத்துச் சுவரில், உண்மையான இறந்தவர்களுக்கு நடுவே படத்தோடு கொக்கையும் ஒட்டினோம். ஆனால் வாசித்தவர்கள் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலை நான் அதே சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது பஸ்ஸால் இறங்கிய அக்காவைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. பக்கத்தில் தொங்கிய வாழைக்குலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உடம்புக்கு ஒரு குலை காணாது.

அக்கா நேரே சுவருக்குப் போய் நோட்டிசைக் கிழிக்கத் தொடங்கினார். செம்மண் ஒட்டிய வெங்காயக் குவியலுக்குப் பின்னால் இருந்த அம்மா எழுந்துவிட்டார்.

“ஏய் மனிசி! செத்த சனத்தின்ரை நோட்டிசையோ கிழிக்கிறாய்? உனக்கென்ன விசரோ?”

“இவர் சாகேல்லை, அம்மா.”

“சாகேல்லையோ? அப்ப ஆர் உதை ஒட்டினது?”

“ரெண்டு விசரர்.”

சனம் கூடிவிட்டது. வெங்காய அம்மா கிட்ட வந்து, கிழிந்தது போக மிஞ்சியிருந்த படத்தை உற்றுப் பார்த்தார். “முகத்தைப் பாத்தால் கனநாள் பாயிலை விழுந்த வருத்தக்காரர் மாதிரிக் கிடக்கு. வடிவாய் விசாரிச்சனீயோ பிள்ளை? ஆள் எங்கை?”

“சரியான தூரத்திலை. கனகாலமாய்ச் சத்தமில்லை.”

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “சத்தமில்லையோ” என்று மெல்லக் கேட்டார். பிறகு, “என்ரை மூத்தவனும் உப்பிடித்தான்” என்றார். திரும்பிப் போய் வாளித் தண்ணீரையும் வெங்காயத் தாள் வெட்டும் கத்தியையும் எடுத்து வந்தார். இருவருமாகச் சுவரை நனைத்து, மிச்சத்தையும் சுரண்டி எடுத்தார்கள். பகிடி எழுதிப் பிழைக்கும் நான் வாழைக்குலைக்குப் பின்னால் கத்தரிக்காய்ப் பையோடு நின்றேன்.

அக்கா அதைப் பற்றி என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் கடையைத் தங்கச்சி பிலோமினாவிடம் விட்டுவிட்டு மருதனார்மடம் போய்வரத் தொடங்கினார். சில கிழமைகள் கழித்துக் கடைச் சுவரில் சட்டம் போட்ட படமொன்று தொங்கியது. சிவந்த வெறுந்தரை, நடுவே இரண்டு சில்லுத் தடங்கள். “கொக்கு அனுப்பின கடைசிப் படமோ, அக்கா?” என்று கேட்டேன். போட்டோக்கொப்பி மெசினிலிருந்து தலையை எடுக்காமல், “வேறை என்ன?” என்றார். குகன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, இரும்புத் துருவின் நிறம் என்றார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கும் உத்தியோகத்தை நானே ஏற்றுக்கொண்டேன். “பாருங்கோ, அந்தக் கிரகம் முழுக்க ஒரு புல்லுக்கூட முளையாது” என்று முடிப்பேன். அக்கா ஏனோ அந்த இடத்தில் உள்ளே போய்விடுவார்.

அவருடைய செத்தவீட்டில் பிலோமினா என்னிடம் வந்தார். “நோட்டிசை நீங்கள்தான் எழுதோணும், தம்பி. கனடா அண்ணை, எங்கடை பெரியப்பான்ரை மகன், ரெலிபோனிலை நிக்கிறார். அன்ரனுக்கு இனியாவது காலஞ்சென்ற எண்டு போடட்டாம். இல்லாட்டி ஊர் சிரிக்குமாம். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.” பிலோமினாவின் கண்கள் என்னை விட்டு விலகவில்லை. அன்ரன் அவருக்கும் அண்ணன். ஊரைச் சிரிக்க வைப்பதே என் தொழில் என்பதால், அந்த வாதம் என்னிடம் எடுபடவில்லை. எழுதி அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டச்சுச் செய்த தம்பி இடையில் நிறுத்தினார்.

“அண்ணை, இந்த அன்ரனுக்கு முன்னாலை ‘காலஞ்சென்ற’ விடுபட்டுப் போச்சு. போடட்டோ?”

“வேண்டாம்.”

“அப்ப அவர் செத்தவீட்டுக்கு வந்தவரோ?”

“இல்லை. இன்னும் சத்தம் வரேல்லை.”

“அன்ரன், பிலோமினா ஆகியோரின் பாசமிகு சகோதரியும்” என்றே அச்சாகியது. பிலோமினா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். கனடா அண்ணை இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவற்றில் ஒன்று, தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கும் பழக்கம். எங்கள் வீட்டுக்காரி அதைக் காது மந்தம் என்று நினைக்கிறார். மற்றது, பிலோமினா எனக்குத் தந்த அந்தச் செவ்வாய்ப் படம். இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது. மாட்டுவதற்கு முன், கறையான் அரித்திருந்த பழைய சட்டத்தைக் கழற்றினேன். படத்தில், சட்டம் மறைத்திருந்த இடது மூலையில், வரம்போரமாக, ஒரு வெங்காயம் முளைத்திருக்கிறது.