பிரேக்கு அக்காவும் பேட்டரித் தண்ணீரும்

அந்த லாரி ஷெட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரேக்கு அக்கா, அவ்வளவுதான். அடிக்கடி பிரேக் போட்டு ஓட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் போல அலுங்காமல் குலுங்காமல் வண்டி ஓட்ட அங்கே ஆளே கிடையாது. எவனாவது அதிகமாக வாய் நீட்டினால் அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். எதிராளியின் பேச்சு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதனால் வந்த பட்டம் அது.

அவள் புருஷனும் லாரி ஓட்டியவர்தான். லோடு இல்லாமல் திரும்பும் வழிகளில் மனைவியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து விளையாட்டாகப் பழக்கிவிட்டார். முதுகில் வட்டு விலகி அவர் வீட்டோடு கிடந்தபோது அந்த விளையாட்டுத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. கனரக லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி, "யாருக்கும்மா லைசென்ஸு?" என்று கேட்டார். "பின்ன உங்களுக்கா எடுக்க வந்திருக்கேன்? எனக்குத்தான்" என்றாள். அன்றிலிருந்து சமையல் அவர், சம்பாத்தியம் இவள், படிப்பு மகள் என்று வீடு ஓடிக்கொண்டிருந்தது.

வீடு ஓடியது, வண்டியும் ஓடியது. உடம்புதான் ஓடமாட்டேன் என்றது. எப்படி ஓடும்? காலையில் வண்டி ஏறினால் இறங்கும்வரை அவள் தண்ணீரே குடிக்கமாட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் உதட்டை நனைத்துக்கொள்வாள். தண்ணீர் குடித்தால் போகவேண்டும், போக இடம் வேண்டும். ஆம்பளைகளுக்கென்ன, சுவர் கண்ட இடமெல்லாம் கக்கூஸ். வண்டியை நிறுத்தச் சோம்பலாக இருந்தால் பழைய தண்ணீர் பாட்டில் இருக்கவே இருக்கிறது. அதை மூடி போட்டுச் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டு, ஷெட்டுக்கு வந்ததும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப்போய்விடுவார்கள். கேட்டால் சிரிப்பு வேறு!

இரண்டாவது முறையாகக் காய்ச்சலும் இடுப்பு வலியும் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சு. இனிமே ஒண்ணு தண்ணி குடிக்கணும், இல்ல வண்டிய விடணும். ரெண்டுல எது?"

"வண்டியையும் விடமாட்டேன், கிட்னியையும் விடமாட்டேன்" என்றாள் இவள்.

"அப்ப போறதுக்கு இடம் பாரு."

இடம் இல்லாமலா? லோடுக்கு லோடு வண்டி வந்துபோகும் ஷெட்டின் பின்மூலையிலேயே ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தக் கதையைக் கேட்டால் வயிறு எரியும். ஒரு காலத்தில் அதற்குக் கதவு, தாழ்ப்பாள், குழாய், வாளி எல்லாம் இருந்தன. மெக்கானிக் அப்போது துவைத்த காக்கிச் சட்டையோடு வேலைக்கு வருவார். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடமாட்டார். பிறகு ஒருநாள் அங்கே பல்பு போனது. நாளைக்கு மாற்றலாம் என்றார்கள். வாளி உடைந்தது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இருட்டில் எவன் போவான் என்று ஆளுக்கொரு சுவரைப் பிடித்தார்கள். சும்மா கிடக்கும் அறைதானே என்று மெக்கானிக் ஒரு தேய்ந்த டயரை உள்ளே வைத்தார். அதற்குத் துணையாக இன்னொன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, இப்போது மெக்கானிக்கும் டீசலில் கையை முக்கி, அதைச் சட்டையிலேயே துடைத்து, அந்தக் கையாலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். டீசலும் ரப்பரும் மூத்திரமுமாகச் சேர்ந்து ஷெட் வருவதற்கு முன்பே ஷெட்டின் நாற்றம் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதலாளியிடம் போனாள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "இத்தன ஆம்பளைங்க ஒண்ணும் கேக்கலியேம்மா. உனக்கு வேணும்னா நீயே அத சுத்தம் பண்ணி வச்சுக்கோ. நான் தடுக்கவா போறேன்?"

"நான் கழுவமாட்டேன், முதலாளி."

"ஏன்? உனக்குத்தானே வேணும்?"

"நாத்தத்த உண்டாக்கினவங்க கழுவட்டும். அப்புறம் முறை வச்சா என் முறைக்கு நானும் கழுவுறேன்."

வீட்டில் புருஷனும் அதையே சொன்னார். "ஒரு நாள் மூக்கப் பொத்திக்கிட்டுக் கழுவி விட்டுட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு இவ்வளவு வீம்பு?"

"முடியாதுங்க, அங்கதான் ஆரம்பிக்கும்" என்றாள். "குனியக் குனியக் குட்டுற உலகம் இது. ஒரு தடவ நான் விளக்கமாத்தத் தொட்டா, ஆயுசுக்கும் அது என் கையிலதான். அப்புறம் டிரைவர்னு எவன் சொல்லுவான்? கக்கூஸ் கழுவ ஒரு பொம்பள இருக்கா, அவ லாரியும் ஓட்டுவாம்பான்."

புருஷன் வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் பிரேக்தான்.

அவள் படுத்திருந்த நாட்களில் அவள் வண்டியைக் கிளி என்பவன் ஓட்டினான். ஓயாமல் பேசுவான், ஆகையால் கிளி. கெட்டவன் இல்லை, சோம்பேறி. அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவன் வண்டியை ஷெட்டில் விட்டுப் போனான். மெக்கானிக் அதற்கு ஆயில் மாற்றி, கிரீஸ் அடித்து, பேட்டரிக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரையும் அந்த ஷெட்டில் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வைப்பார்கள். குடிக்கிற தண்ணீரும் அதே மாதிரிப் பாட்டிலில்தான். எல்லாப் பாட்டிலிலும் கிரீஸ் கை பட்டுப் பட்டு எதில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் முதலாளி அவளிடம் சாவியை நீட்டி, "ஓட்ட முடியுமா, இல்ல கிளிகிட்டயே கொடுத்துடவா? எனக்கு ஒரு முடிவு வேணும்" என்றார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "ஓட்டுறேன். அந்த ரூமையும் திறக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். எப்படித் திறக்க வைப்பது என்று அவளுக்கே தெரியாது.

கிடங்கில் லோடு ஏற்றி முடித்துச் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருகினாள், அந்த 'டக்'கும் இல்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். "பொம்பளகிட்ட வண்டியக் கொடுத்தா இப்படித்தான்" என்று ஒருத்தன் அவள் காதுபடவே சொன்னான். அவளுக்குக் காது மடல் சூடேறியது. ஷெட்டுக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் தன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பேட்டரி மூடிகளைத் திருகி எடுத்தார். உள்ளே மஞ்சளாக நுரை கட்டியிருந்தது. குனிந்து முகர்ந்தவர் வெடுக்கென்று பின்னால் போனார்.

"எவன்டா இதுல கண்டதையும் ஊத்தினவன்?"

"நேத்து நீங்கதானே அண்ணே தண்ணி ஊத்துனீங்க?"

மெக்கானிக்கின் முகம் மாறியது. "ஆமா… ஊத்தினேன். சீட்டுக்கு அடியில கிடந்த பாட்டில்ல இருந்து."

"எந்த பாட்டில்?"

"கைக்கு எட்டின பாட்டில்மா. நேத்து எனக்குச் சளி, மூக்கே வேலை செய்யல." அவர் குரல் இறங்கிப்போனது. "தாகமா வேற இருந்துச்சு. குடிக்கலாம்னுதான் மூடியத் திறந்தேன். சரி, முதல்ல பேட்டரிக்கு ஊத்துவோம்னு…"

அவர் சாலையோரமாகப் போய் நின்று காறிக் காறித் துப்பினார். பிரேக்கு அக்கா சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடிந்தால்தானே! லாரி டயரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது.

"சிரிக்காதம்மா" என்றார் மெக்கானிக். "முதலாளி கேட்டா பழைய பேட்டரி, செத்துப்போச்சுன்னு சொல்லிடு."

"சொல்லமாட்டேன், அண்ணே. என்ன ஊத்துனீங்கன்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் கருமம் ஏன் வண்டிக்குள்ள கிடந்ததுன்னும் சேத்துச் சொல்லுங்க. உங்க மானம் மட்டுமா போகுது? இங்க இத்தன பேரு முன்னால என் மானம் போயிருக்கு."

மெக்கானிக் வேறு பேட்டரி வரவழைத்து மாட்டினார். அவள் லோடை இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியபோது அங்கே ஒரே ரகளை. மெக்கானிக் நின்றிருந்த வண்டிகளில் எல்லாம் ஏறி, பாட்டில்களை வாரி எடுத்து, முற்றத்தின் நடுவே குவித்து வைத்திருந்தார். கிளி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"இனிமே எந்த வண்டியில ஒரு பாட்டில் கிடந்தாலும் அந்த வண்டிய நான் தொடமாட்டேன்! பிரேக் பிடிக்கலன்னாலும் சரி, சக்கரம் கழண்டு ஓடினாலும் சரி!" என்று மெக்கானிக் கத்தினார்.

"கத்துறீங்களே, நாங்க எங்கதான் போறது? வயித்துக்குள்ளயே வச்சுக்கவா?" என்றான் கிளி.

"அங்க போங்கடா!" என்று பின்மூலையைக் காட்டினார் மெக்கானிக். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வாசல்வரை அடைத்துக்கொண்டு கிடந்தவை அத்தனையும் மெக்கானிக்கின் டயர்கள். அவருக்குக் கை தானாகக் கீழே இறங்கியது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். மெக்கானிக் மறைக்காமல் சொன்னார். பாட்டில், பேட்டரி, சளி, தாகம், எல்லாவற்றையும். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டு முடித்தார். பிறகு, அவர் மட்டுமா, கிளி, மற்ற டிரைவர்கள் எல்லாருமே ஒருசேர பிரேக்கு அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது?

பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப்போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எழுந்திரிக்கமாட்டேன். அந்த ரூம் திறக்குற வரைக்கும் என் வண்டியும் நகராது" என்றாள். வண்டியை அவள் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். ஒரு வண்டியும் வெளியே போகமுடியாது.

"என்னம்மா இது, அராஜகம்!" என்றார் முதலாளி.

"அராஜகம்தான், முதலாளி. ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தது நானு. வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. ஆனா வேலையும் செஞ்சு, நாத்தத்தையும் கழுவுன்னு சொன்னா அது நடக்காது."

சாவியைப் பிடுங்கிவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் இருந்தது. எழுந்திருக்கத்தான் அவளுக்கு மனமில்லை.

முதலில் அசைந்தவர் மெக்கானிக்தான். வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போய் முதல் டயரை உருட்டினார். "என்னடா வேடிக்க? நீ ஊத்தினது என் வாயில போயிருக்கும்டா, பாவி! வா இங்க!" என்று கிளியைக் கூப்பிட்டார். கிளி போனான். அவன் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். டயர்கள் வெளியே வந்தன, எலிகள் வந்தன, முதலாளி தேடிக்கொண்டிருந்த ஜாக்கி ஒன்றும் வந்தது. முதல்முறை கழுவியதில் தரையின் கறுப்பு பழுப்பானது. அந்தப் பழுப்புக்கு உள்ளே வெள்ளை ஓடு இருப்பதே பலருக்குத் தெரியாது. கிளி குமட்டிக் குமட்டித் தேய்த்தான். அன்று மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. முதலாளி ஆளனுப்பிக் குழாயைப் பழுதுபார்க்கவைத்தார். முறை வைத்தபோது அவள் தன் முறையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் முறை வந்த அன்று, மற்றவர்கள் தேய்த்ததைவிட நன்றாகவும் தேய்க்கவில்லை, மோசமாகவும் தேய்க்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே புருஷன் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஷெட்டில் இறங்கியதும் பின்மூலைக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு உள்ள? சீக்கிரம் வாங்க!"

சற்றுப் பொறுத்து, "நான்தாம்மா" என்று முதலாளியின் குரல் வந்தது.

அவளுக்குப் பின்னால் கிளி வந்து நின்றான். "அக்கா, அவசரம்க்கா, நான் முன்னால…"

"வரிசையில நில்லுடா."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. முதலாளி ஈரக்கையோடு வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "சோப்பு தீரப்போகுது. வாங்கிப்போடச் சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டதும், எங்கிருந்து வந்ததோ, அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக உடம்பை அடக்கி அடக்கி ஓட்டியிருக்கிறோமே என்று தன்மேலேயே இரக்கம் வந்தது. ஆத்திரமும் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் அழுது தீர்த்தாள்.

வெளியே கிளி கதவைத் தட்டினான். "அக்கா! தூங்கிட்டீங்களா? எனக்கு முடியலக்கா!"

"அடக்கிக்கிட்டு நில்லுடா" என்றாள் அவள், முகத்தைக் கழுவியபடி. "எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்."