பொட்டு வைத்த கத்திரிக்கோல்

சுதந்திரம் வந்த மறு வருஷம் கல்யாணமாகி ஆலங்குடிக்கு வந்தேன். மாப்பிள்ளை படம் வரைகிறவர் என்றதும், சாமி படம் போடுவார் போலிருக்கிறது என்று எங்கள் வீட்டில் நினைத்துவிட்டார்கள். வந்து பார்த்தால் மனுஷன் எலுமிச்சம்பழம் வரைகிறார்! முறத்தில் கடலை, கொட்டையோடு முந்திரிப்பழம், ஆணியில் தொங்கும் துண்டு, இவைதான் அவருக்குச் சாமி. பிழைப்புக்குக் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். மற்ற நேரமெல்லாம் கையை நீட்டி எடுத்துவிடலாம் போலச் சாமான்களை வரைந்துகொண்டிருப்பார்.

வந்தவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். என் அம்மா பேசிக்கொண்டே அந்தக் கடலை முறத்துக்குள் கையை விட்டாள். தபால்காரர், இவர் வரைந்து வைத்த ஆணியில் பையை மாட்டப்போய், பை அவர் காலிலேயே விழுந்தது. இவருக்கு வாயெல்லாம் பல். உடனே என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் மட்டும் ஏமாற மாட்டேன். அதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் வருகிற சாமான் ஒவ்வொன்றும் என் கை வழியாகத்தானே வரவேண்டும்? "நான் வாங்காத எலுமிச்சம்பழம் என் வீட்டுக்குள்ள எப்புடிங்க வரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் முகம் தொங்கிப்போகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்றால் பொய்.

எட்டு வருஷம் இப்படியே ஓடியது. போர்டு வேலை குறைந்துகொண்டே வந்தது. மெட்ராஸில் இரும்புக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், கடையில் வந்து உட்காரச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். தீபாவளிக்குள் பதில் வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில் திருமயத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் கூடத்தில் ஒரு பக்கம் சுவரலமாரி, எதிரே மொட்டைச் சுவர். ஜோடி இல்லாத கூடம் வீட்டு ஆச்சிக்குக் கண்ணை உறுத்துகிறதாம். சுவரை இடிக்கவும் மனசில்லை. அதனால் அலமாரி மாதிரியே வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். முதலில் ஒரு பலகையில் வரைந்து விஜயதசமியன்று கொண்டுவந்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் கூடத்திலிருந்து மாடி வரை வேலை இவருக்குத்தான்.

"இது தேறுச்சுன்னா இங்கேயே இருப்போம். தேறலைன்னா அண்ணன் கடைக்குப் போயிடுறேன். அப்பறம் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் கேலி பேசுகிறவள்தான். ஆனாலும் ஒரு கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துப் போடுகிற மனுஷனாக இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரலமாரியின் நடுத்தட்டைப் பார்த்துத்தான் வரைந்தார். என் கத்திரிக்கோல், ஒரு சுத்தியல், அரைப்படி, அவ்வளவுதான் அதில். ஆயுதபூஜையன்று காலையில் கடைசிக் கை வைத்து முடித்து, பிரஷ்களைக் கழுவிப் பூஜைக்குக் கொடுத்தார். நான் அடுப்படியில் இருந்த நேரத்தில், அளவு சரியா என்று பார்க்கப் பலகையை அந்தத் தட்டின் வாயிலேயே பொருத்தியிருக்கிறார். அப்படியே விட்டுவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போய்விட்டார்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினேன். அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் என்று அன்றைக்கு ஒன்றையும் விடமாட்டேன். "கொஞ்ச நேரம் அசையாம நின்னா எனக்கும் வச்சிருவா" என்பார் இவர். அலமாரிக்கு வந்தேன். நாலைந்து நாளாகப் பலகையை ஜன்னலோரமே பார்த்தவள், அன்றும் அங்கேதான் இருக்கும் என்ற நினைப்பு. கத்திரிக்கோலுக்கு ஒரு பொட்டு, சுத்தியலுக்கு ஒன்று, படிக்கு ஒன்று. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாயிற்று. பூஜையில் வைக்கலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தேன். விரல் வழுக்கியது. மறுபடி எடுத்தேன். நகம் பலகையில் கீறியது. அடி பாவி! என் சாமான் மூன்றும் பலகைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

முந்தானையால் ஒற்றிப் பார்த்தேன். பெயிண்டு காயவில்லை. சந்தனத்தோடு சுத்தியலின் பளபளப்பும் சேர்ந்து வந்தது. பதறிக் கையை எடுத்துவிட்டேன். பிரஷ்ஷோ பூஜைக்குப் போய்விட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் தீபம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொட மாட்டோம். எடுத்த கையோடு பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்று ஓவென்று அழுதேன். இவர் பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவர், அதைக் கீழே வைக்காமலேயே பலகையைப் பார்த்தார்.

"வேணும்னு வச்சியா?"

"வேணும்னு யாராச்சும் வைப்பாங்களா? நெசக் கத்திரிக்கோல்னு நெனச்சுத்தான் வச்சேன்!"

"நீயா?"

"நான்தான். எடுக்கவும் பார்த்தேன்."

அவ்வளவுதான், பூசணிக்காயோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடியே முழுகிப் போச்சு, இவருக்குச் சிரிப்பு வருது!" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். இவர் வாயில்லாப் பூச்சி. தப்புப் பண்ணியவள் நான், நானே சொல்லிவிடுவது என்று முடிவு. ஆச்சி பலகையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பொட்டு எதுக்குங்க?" என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஏன் ஆத்தா, வரைஞ்சவரு பொண்டாட்டி நீ. நீயே எடுக்கப் போனியா?"

தலையை ஆட்டினேன். ஆச்சி உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர் மெதுவாக, வேறு பலகை வரைந்து தருகிறேன் என்று ஆரம்பித்தார்.

"இதுல கை வைக்காதீங்க. பொட்டோட இங்கிட்டே இருக்கட்டும். செவத்துல எப்ப ஆரம்பிக்கிறீங்க, அதச் சொல்லுங்க" என்றார் ஆச்சி.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா, வரலைன்னு உங்க அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டுருங்க" என்றேன்.

"நேத்தே போட்டுட்டேன்."

"நேத்தா? ஆச்சி பலகையப் பாக்கவே இல்லையே! வேணாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நீதான் எடுக்கப் போனியே" என்றார்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.