டீக்கு முன்னால் ஒன்பது

டெல்லி கரோல் பாக்கில் சிறிய டிராவல்ஸ் நடத்துகிறேன். வரவேற்பு வேலைக்கு நேர்காணல் வைத்த அன்று, நவம்பர் புகைமூட்டத்தில் தெருவே கனவில் வருவதுபோல மங்கிக் கிடந்தது. மேலே மெட்ரோ மிதந்து போனது. வந்தவர்கள் எல்லாரும் மாஸ்க் அணிந்திருந்தார்கள். தெரிந்தது கண்கள் மட்டும்தான். கடைசியாக வந்த தமிழ்ப்பெண் ரேவதியின் குரலும் பதில்களும் பிடித்துப்போய், பத்துக்கு ஒன்பது மார்க் போட்டேன்.

டீ வந்தது. மாஸ்க்கைக் கழற்றினாள். முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. என் பேனா தானாகவே ஒன்பதை அடித்து ஆறு என்று எழுதியது.

அவள் பார்த்துவிட்டாள். "டீ குடிச்சதுக்கா மேடம் மூணு மார்க் போச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தூக்கம் கலைந்ததுபோல் இருந்தது. அவளையே வேலைக்கு எடுத்தேன்.

இப்போதெல்லாம் போனில் பேசி மார்க் போட்ட பிறகுதான் யாரையும் நேரில் கூப்பிடுகிறோம். மார்க் போடும் பேனா ரேவதியிடம் இருக்கிறது.