பேஸ்போல் கார்டின் பின்பக்கம்

மனைவி செத்தபிறகு எனக்கு அழுகை வரவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் அது பெரிய கவலையாகிவிட்டது. ஒவ்வொருவரும் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் வாயில் ஒரு புத்திமதியும் கொண்டுவந்தார்கள்.

"அண்ணை, அழுதிடுங்கோ. உள்ளுக்க வைச்சிருந்தா நெஞ்சுக்குக் கூடாது."

வைத்திருக்க உள்ளே ஏதாவது இருந்தால்தானே! தகனம் நடந்த அன்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும் அப்படித்தான். சோறு சாப்பிட்டேன். நித்திரை கொண்டேன். குப்பைத் தொட்டியைச் சரியான கிழமையில் தெருவோரம் வைத்தேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. யாராவது வந்து கட்டிப்பிடித்து அழுதால், இவர் எப்போது விடுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகள் கொஞ்சம் தள்ளி, ரூஜ் என்கிற பக்கத்தில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். சரி என்றேன். அவள் கொஞ்சம் சண்டை பிடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள்போல, திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப உங்கட கார்ட்ஸ்? எங்கட பேஸ்மென்ற்றில ஆக்கள் வாடகைக்கு இருக்கினம். அங்க வைக்க இடமில்லை."

"விப்பம்" என்றேன்.

"ஆர் யூ ஷுவர், அப்பா?"

"ஓம், விப்பம் எண்டுறன்."

கார்ட்ஸ் என்றால் பேஸ்போல் கார்டுகள், ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம் போட்ட சின்ன அட்டைகள். பழையவை, எங்கள் அப்பாமார் அரைக்காற்சட்டை போட்ட காலத்தவை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். அங்கே சமையல்காரன் வேலை நேரம் முழுக்க ரீவியில் பேஸ்போல் போட்டுவிடுவான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். பந்தை அடித்ததும் கையில் இருக்கிற மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறானே, சரியான மடையன் என்று நினைத்தேன். பிறகு எப்படியோ அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. ஒருநாள் யாரோ வீட்டு வாசலில் பழஞ்சாமான் பரப்பி விற்றபோது, சப்பாத்துப் பெட்டி நிறைய இந்தக் கார்டுகள் கிடந்தன. அதோடு தொடங்கியது.

பழைய கார்டின் பெறுமதியில் பாதிதான் அதில் இருக்கிற ஆளின் பெயருக்கு. மற்றப் பாதி நாலு மூலையிலும் இருக்கிறது. மூலை மழுங்கக்கூடாது. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக்கரை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். மடிப்பு, கறை, விரல் எண்ணெய் எதுவும் ஆகாது. இதையெல்லாம் நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் இருந்து பார்ப்பேன். மனைவி படியில் நின்று கத்துவாள்.

"மற்ற மனிசர் இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடுகினம். என்ரை மனிசன் முன்பின் தெரியாத வெள்ளைக்காரன்ரை படம் சேர்க்கிறார்!"

வீட்டுக்கு யாராவது வந்தால், "அவர் கீழ ஒஃபிஸில இருக்கிறார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாணம் செய்த காலம் முழுக்க அந்தக் கார்டுகளை வைத்து நாங்கள் சண்டை பிடித்தோம்.

எல்லாவற்றிலும் சிறந்த ஒன்று இருந்தது. அதில் இருந்த ஆட்டக்காரர் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. ஆனால் அந்த வரிசையைக் கொஞ்சமாகத்தான் அச்சடித்திருந்தார்கள். மூலைகள் நேற்று வெட்டினதுபோல் இருந்தன. அதைக் காந்தத்தால் பூட்டுகிற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, முகம் எனக்கும் முதுகு சுவருக்குமாகத் தட்டில் நிறுத்தியிருந்தேன். வாங்கின நாளுக்குப் பிறகு நான்கூட அதைத் தொட்டதில்லை. காலையில் ஒருமுறை, வேலையால் வந்து ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதும்.

செத்தவீட்டுக்குப் பிறகு கீழே போய் அதைப் பார்த்தேன். ஒரு மனிதர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். எனக்கு முதல்முறை பயம் வந்தது. பயம் என்றுகூடச் சொல்லமுடியாது, பயப்படவேண்டிய விஷயம் இது என்று தெரிந்தது. இதைக் கொடுக்கும்போதாவது கை நடுங்குகிறதா பார்ப்போம், நடுங்காவிட்டால் என் கதையும் முடிந்ததென்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளைக் காரில் ஏற்றி, நகரத்தின் மேற்குப் பக்கம் கார்டு வாங்கி விற்கிற ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் விலையில் கறார். பெட்டி பெட்டியாகப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொன்றாகக் கைமாறியது. இது எங்கே வாங்கியது, எவனோடு பேரம் பேசியது என்றெல்லாம் நினைவு வந்தது, ஆனால் வேறு யாருடையவோ நினைவுபோல் இருந்தது. கடைசியாக, தட்டில் நின்றபடியே துணியில் சுற்றிக் கொண்டுவந்த அந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

அவர் மூலைகளைப் பார்த்து மெல்லச் சீட்டியடித்தார். கையுறை போட்டு, உறையைத் திறந்து, கார்டைத் திருப்பினார். சீட்டி நின்றது.

"பின்பக்கத்தில் கறை" என்றார் ஆங்கிலத்தில். அந்தக் காலத்தில் இந்தக் கார்டுகளைப் பபிள்கம்மோடு ஒரே பக்கற்றில் போட்டு விற்பார்கள், அந்தக் கறையாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு தலையை ஆட்டினார். கம் கறை மண்ணிறமாக இருக்குமாம். இது மஞ்சள், நடுவில் சிவப்பு. மேசை விளக்கை அணைத்துவிட்டு, போலிக் காகிதம் பிடிக்கிற ஊதா விளக்கை அதன்மேல் பிடித்தார். கார்டு கறுத்துக் கிடந்தது. அந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக எரிந்தது. வட்டமாக ஒன்று. அதன்மேல் சற்று விலகி இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. யாரோ வருடா வருடம் அதே இடத்தில் வைத்திருக்கவேண்டும்.

சந்தனமும் குங்குமமும்.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. கார் ஸ்டியரிங், தையல் மெஷின், மகளுடைய புத்தகங்கள், லப்ரொப், சோறு அவிக்கிற குக்கர்கூட. தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் வைக்கவேண்டும் என்பாள். அப்படியொரு பூசை நாளில்தான் படியில் நின்று கேட்டாள், "உந்தப் பெட்டிக்க நிக்கிற மனிசன் உயிரோட இருக்கிறாரோ, செத்திட்டாரோ?"

"இருக்கிறார். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

உயிரோடு இருக்கிறவரின் படத்தில் நெற்றியில் பொட்டு வைக்கக்கூடாது. அதனால் அவரைத் திருப்பி, முதுகில் வைத்திருக்கிறாள்.

"விசரி!" என்று கத்தினேன். கடைக்காரர் கையிலிருந்த விளக்கு ஆடிப்போனது. "விசரி! நாசமாக்கிப் போட்டாளே! உதைத் தொடாதை தொடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" காது சுட்டது. கழுத்து நரம்பு துடித்தது. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. யார் செய்தது என்று கேட்டார்.

"என் மனைவி" என்றேன் ஆங்கிலத்தில். "வேறு யார்!"

மனிதர் அனுதாபமாகச் சிரித்தார். அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்போல. இப்படியே வாங்கினால் நினைத்த விலையில் கால்வாசிகூடத் தரமுடியாது, என்ன பூசினார் என்று வீட்டுக்குப் போய் அவரிடம் கேளுங்கள், தெரிந்தால் கறையை எடுக்க வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றார்.

"கேக்கிறன். கேக்காம விடுவனோ?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கார்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

401 நெடுஞ்சாலையில் ஏறினது தெரியும். எந்த லேனில் வந்தேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. வழி முழுக்க அவளோடு சண்டை. "வைக்கிறதெண்டா பிளாஸ்டிக்குக்கு மேல வைச்சிருக்கலாமே! உதைத் திறக்கச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?"

"மேல வைச்சா பிளாஸ்டிக்குக்குத்தானே சேரும், கார்டுக்கு எப்பிடிச் சேரும்?" என்பாள். எனக்குத் தெரியாதா அவளை!

"படம் சேர்க்கிற விசரன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாய். பிறகென்ன மண்ணாங்கட்டிக்குப் பொட்டு?"

"உங்கட தொழில் உதுதானேயப்பா. வேற என்னத்துக்கு வைக்கிறது?"

ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தேன். பக்கத்துக் காரில் இருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உடம்பில் இரத்தம் ஓடியது. அவள் அதற்கு என்ன சொல்வாள், நான் இதற்கு என்ன சொல்வேன் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு, காரைக் கோணலாக நிறுத்திவிட்டு இறங்கினேன். இன்றைக்கு அவளை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை.

கதவைத் திறந்து சப்பாத்தோடேயே உள்ளே போனேன்.

"இஞ்சேரப்பா!" என்று கத்தினேன். "எங்க நிக்கிறாய்? வந்து உதைப் பார்! என்னத்தைப் பூசினனீ உதுக்கு?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. வருகிறாள், கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள், வரட்டும் என்று கார்டை நீட்டிப் பிடித்தபடி நின்றேன்.

மகள் வந்தாள். அவள் கையில் பேப்பர் சுற்றிய ஒரு கோப்பை இருந்தது. என் முகத்தையும் கார்டையும் பார்த்தாள்.

"அப்பா" என்றாள். "ஆரைக் கூப்பிடுறீங்க?"

கை நடுங்கத் தொடங்கியது. என் மனைவி செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.