நாய்க்கு ஊற்றாத எண்ணெய்

என் மாமனாருக்கு நாலு காலில் நடப்பதெல்லாம் மாடுதான். ஆடு, நாய், பூனை எதற்கு உடம்புக்கு வந்தாலும் மாட்டு வைத்தியமே பார்ப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதியமான்கோட்டைப் பக்கம் யார் வீட்டு மாட்டுக்கு வயிறு உப்பினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். மூங்கில் குழாயில் எண்ணெயை நிரப்பி, மாட்டின் வாயைத் தூக்கிப் பிடித்து உள்ளே ஊற்றிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விட்டு எழுந்து நிற்கும். நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் கருப்பு நாய் மாடு இல்லை என்பதுதான் அன்று பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை. தக்காளி பறிக்க வந்த ஆட்களுக்குக் களி கிண்டிப் போட்டுவிட்டு, மீதியைச் சட்டியோடு தொட்டி ஓரம் வைத்திருந்தேன். ஆட்கள் கை கழுவித் திரும்புவதற்குள் நாய் சட்டியைக் காலி செய்துவிட்டது. களியை மென்று தின்பவர்கள் எங்கள் பக்கம் கிடையாது, உருட்டி விழுங்குவதுதான். அந்த விஷயத்தில் அது அசல் தருமபுரி நாய். தின்றதோடு விட்டதா? முட்டிய வயிற்றோடு ஒரு குரங்கைத் துரத்திக்கொண்டு தோட்டம் முழுக்க ஓடியது.

பொழுது சாய்வதற்குள் கோளாறு தெரிந்தது. படுக்கும், எழும், மறுபடி படுக்கும். கழுத்தை நீட்டி ஓங்கரிக்கும், ஆனால் நுரையைத் தவிர ஒன்றும் வராது. அத்தனை களியில் ஒரு கவளமாவது வெளியே வர வேண்டாமா? விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தேன், தோல் விறைத்து டம்மென்று சத்தம் வந்தது. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்திருந்தது. நாயைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது தருமபுரி டாக்டர் சொன்னது சட்டென்று நினைவு வந்தது. பெரிய நாய் வயிறு உப்பிக்கொண்டு, வாந்தி வராமல் ஓங்கரித்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இரைப்பை முறுக்கிக்கொண்டால் உயிர் தங்காது, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றிருந்தார்.

அதற்குள் மாமனார் மூங்கில் குழாயோடு வந்துவிட்டார்.

"வாயப் புடிம்மா. கடலெண்ண ஊத்துனா காத்து எறங்கிரும்."

"ஊத்தக் கூடாதுங்க மாமா."

"எத்தன மாட்டுக்கு ஊத்தியிருக்கறன், எனக்குத் தெரியாதா?"

"இது மாடு இல்லீங்க. ஓங்கரிக்கிறப்ப ஊத்துனா எண்ண மூச்சுக் கொழாய்ல பூந்துக்கும். தண்ணிகூடக் குடுக்க வேணாம். வண்டிய எடுக்கறேன்."

மாமனாரிடம் குரலை உயர்த்தும் மருமகளை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளட்டும். குழாயை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். விடுமுறை நாளானாலும் கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன், வாருங்கள் என்றார்.

வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. தக்காளியை மண்டிக்கு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியை ஓட்டுவது நான்தான். பின்னால் சாக்கு விரித்து, வயிற்றில் கை படாமல் இருவருமாக நாயைத் தூக்கிப் படுக்க வைத்தோம். மாமா ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பழக்கூடைகளுக்காக மெதுவாக ஓட்டியே பழகிய வண்டி அது. அன்று தருமபுரி வரைக்கும் அதன் முழு வேகத்தையும் பார்த்துவிட்டேன்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "நல்ல வேள, இன்னும் முறுக்கிக்கல. டியூப் விட்டுக் காத்த எடுத்துரலாம். எண்ண கிண்ண ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார்.

"ஊத்தியிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும். அப்புறம் என்னால ஒன்னும் பண்ணியிருக்க முடியாது."

அன்று அவருக்கு உதவியாளர் இல்லை. வாயைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் மாமாவைக் கை காட்டினேன். "இவரவிட நல்லாப் புடிக்கற ஆளு இந்த ஜில்லாவுலயே கெடயாதுங்க." சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான்.

மாமா வாயைப் பிடித்த பிடியில் நாய் துளிகூட முரண்டவில்லை. குழாய் வயிற்றுக்குள் இறங்கியதும் புஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த களி நாற்றம் அறை முழுக்க அடித்தது. அவ்வளவு கெட்ட நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் முகர்ந்ததே இல்லை. வயிறு கண்ணெதிரிலேயே வற்றியது. கொஞ்ச நேரத்தில் ஈறும் சிவந்தது. டாக்டர் குழாயை உருவியதும் நாய் மாமாவின் கையை நக்கியது, வாலால் மேசையில் ஒரு தட்டு தட்டியது.

அதுவரை கல்லு மாதிரி நின்றிருந்தேன். அப்போதுதான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மாமா பதறிப்போனார். "அதான் பொழச்சுக்கிச்சே! இப்ப எதுக்கும்மா அழுவற?"

"அப்ப அழுவ நேரமில்லீங்க மாமா" என்றேன்.